நம்பர் அடிச்சா அபூர்வம் ஆயிடுமா?

முதல்லயே சொல்லிடறேன், இது கிரிக்கெட் பதிவு இல்லை. பேஸ்பால், பாஸ்கெட்பால் அட்டை சேர்க்கிற கிறுக்கைப் பத்தின புலம்பல். பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

போன மாசம் இங்கே நியூஜெர்சியில ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த கார்ட் ஷோவுக்குப் பையனைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பன்னெண்டு வயசு. கையில அவனோட ஆல்பம். அதுல அவனோட பத்தாவது பிறந்தநாளுக்கு நான் கொடுத்த ஒரு அட்டையும் இருந்தது. 1969-ல் டாப்ஸ் கம்பெனி போட்டது. பேர் ஆரேலியோ ரோட்ரிகெஸ், கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணி. ஆனா படத்துல மட்டையோட நிக்கிறது ரோட்ரிகெஸ் இல்லை. அந்த அணியில வீரர்களுக்கு மட்டை எடுத்துக் கொடுக்கிற பையன்! போட்டோகிராபர் ஏமாந்தாரா, யாராவது ஏமாத்தினாங்களா, எதுவா இருந்தாலும் கம்பெனியில ஒருத்தர் கண்ணுலயும் படாம அச்சாகி, பாக்கெட்டுல போய், நாடு பூரா வித்துடுச்சு. மூலை மடங்கின அட்டைதான். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு பழைய கடையில நாலு டாலருக்கு வாங்கினேன்.

காபி வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள ஆல்பத்துல அந்த இடம் காலி.

"ரோட்ரிகெஸ் எங்கடா?"

"ட்ரேட் பண்ணிட்டேன்ப்பா. இதைப் பாருங்க."

தங்கக் கலர்ல பளபளன்னு ஒரு அட்டை. கீழே மினுமினுக்கிற எழுத்துல 47/99.

"அது எப்பேர்ப்பட்ட அட்டைன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும்ப்பா. நூறு தடவை சொல்லிட்டீங்க. ஆனா அது ரேர் இல்லைப்பா. அதுல நம்பரே இல்லை."

அவ்வளவுதான். அவனைத் திட்ட முடியாது, கொடுத்த பொருள் அவனோடது. ஆனா அந்த ஒரு வாக்கியம் ரெண்டு நாள் தூங்க விடலை. இதை ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட போன்ல புலம்பினா அவர், "உம்ம பையன் விவரமான பையன்வே! பழைய குப்பையைத் தள்ளிட்டு ஒரு அசெட்டை வாங்கிருக்கான்"ங்கிறார். அவருக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு.

நான் எண்பதுகள்ல திருநெல்வேலியில வளர்ந்தவன். பபிள்கம்மோட வர்ற கிரிக்கெட் படத்துக்காக அண்ணாச்சி கடையில காசைக் கரைச்ச கோஷ்டி. எங்க தெருவுல ஒரு படம் கிடைக்கலைன்னா, அது அண்ணாச்சி கடைக்கு வந்த டப்பாவுல இல்லைன்னு அர்த்தம். "இது 99 பேருக்குத்தான்"னு எந்தப் படமும் மார்தட்டினது இல்லை. அபூர்வம்ங்கிறது தானா நடக்கிற விஷயமா இருந்தது.

அமெரிக்காவுலயும் அப்படித்தான் இருந்தது. 1909-லிருந்து 1911 வரைக்கும் சிகரெட் பாக்கெட்டோட வந்த டி206 வரிசையில ஹோனஸ் வேக்னர்னு ஒரு அட்டை. பிட்ஸ்பர்க் அணியோட பெரிய நட்சத்திரம். அவர் அனுமதி கொடுக்க மறுத்ததால அச்சடிக்கிறதைப் பாதியில நிறுத்திட்டாங்க. குழந்தைங்க படத்துக்காகப் புகையிலை வாங்கக் கூடாதுன்னு மறுத்தாருன்னு ஒரு கட்சி, காசு கொடுக்காததால மறுத்தாருன்னு இன்னொரு கட்சி. எதுவா இருந்தா என்ன, ஒரு மனுஷன் முடியாதுன்னு சொன்னதால அது அபூர்வம். இன்னிக்கு உலகத்துல அறுபது சொச்சம் இருந்தாலே அதிகம்.

1952 டாப்ஸ் மிக்கி மேண்டில் கதை இன்னும் ஜோர். அந்த வருஷத்தோட கடைசி வரிசை அட்டைங்க கடைக்கு வரும்போது பேஸ்பால் சீசனே முடியப் போகுது. பசங்க கவனம் வேற பக்கம் போயாச்சு, சரக்கு தேங்கிப் போச்சு. வருஷக்கணக்கா குடோன்ல கிடந்ததை 1960-ல் படகுல ஏத்திக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடல்ல கொட்டினோம்னு அந்த அட்டையை வடிவமைச்ச சை பெர்கரே சொல்லியிருக்கார். இதுல ஒரு வேடிக்கை. அச்சுத்தாள்ல மேண்டில் படம் ரெண்டு தடவை இருந்ததால, அதே வரிசையில இருக்கிற பெரும்பாலான அட்டைகளை விட மேண்டில் ரெண்டு மடங்கு அச்சாச்சு. அதே வரிசையில இருக்கிற, யாருக்கும் பேர் தெரியாத ஆட்டக்காரர் அதை விட அபூர்வம். ஆனாலும் 2022 ஆகஸ்ட்ல ஒரு மேண்டில் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. எண்ணிக்கையா அந்த விலையைக் கொடுத்தது? குடோன், கடல், அட்டையைச் சைக்கிள் ஸ்போக்ஸ்ல சொருகி டரடரன்னு ஓட்டின பசங்க, பரண்ல இருந்ததைப் பழைய பேப்பரோட தூக்கிப் போட்ட அம்மாக்கள் - இவங்க எல்லாரையும் தாண்டித் தப்பிச்சு வந்ததுக்குத்தான் அந்த விலை.

எனக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கிறது தப்பான அட்டைங்கதான். 1957 ஹாங்க் ஆரன் அட்டையில நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சதால, பாவம் வலக்கை ஆட்டக்காரர் இடக்கை ஆட்டக்காரரா நிக்கிறார். 1959-ல் லூ பர்டெட்னு ஒரு வலக்கை பந்துவீச்சாளர். 1957 வேர்ல்ட் சீரிஸ்ல யாங்கீஸை மூணு ஆட்டம் சாய்ச்சவர். போட்டோ எடுக்க வந்தவரைக் கலாய்க்க வலக்கையில கிளவுஸை மாட்டிக்கிட்டு இடக்கைக்காரர் மாதிரி போஸ் கொடுத்துட்டார். கம்பெனி அதை அப்படியே போட்டதோட நிக்காம அவர் பேர்லயும் எழுத்துப்பிழை விட்டுது! 1989 ஃப்ளீர் பில்லி ரிப்கன் அட்டையில மட்டையோட அடிக்குமிழ்ல ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருக்கும். (என்ன வார்த்தைன்னு கேக்காதீங்க, குடும்பத்தோட படிக்கிற வலைப்பூ இது.) விஷயம் தெரிஞ்சதும் கம்பெனி அடிச்சுப் பிடிச்சு ஒரு தடவை வெள்ளை பூசிச்சு, ஒரு தடவை கிறுக்கிச்சு, கடைசியா கறுப்புக் கட்டம் போட்டுது. இன்னிக்கு அந்தக் கெட்ட வார்த்தை அட்டையை விட வெள்ளை பூசினது கிடைக்கிறதுதான் கஷ்டம். தப்பு சல்லிசு, திருத்தம் அபூர்வம். இதை எந்த மார்க்கெட்டிங் மேதை யோசிச்சிருக்க முடியும்?

யோசிச்சாங்க. அதுதான் என் கோபமே.

தப்புக்கு மவுசுன்னு தெரிஞ்சதும் தப்பையே தயாரிக்க ஆரம்பிச்சாங்க. 2007 டாப்ஸ் டெரெக் ஜீட்டர் அட்டையில பின்னாடி கூட்டத்துல ஜார்ஜ் புஷ் கையாட்டறார். ஓரத்துல, 1995-லயே செத்துப் போன மிக்கி மேண்டில் நிக்கிறார். உள்ளே இருந்த யாரோ விளையாட்டா சேர்த்ததுன்னு கம்பெனி சொல்லிச்சு. பத்திரிகை பூரா செய்தி, அட்டை பறந்துச்சு. இப்ப ஒவ்வொரு வருஷமும் "வேற படம் போட்ட அபூர்வ அட்டை"ன்னு திட்டம் போட்டே ஒளிச்சு வைக்கிறாங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தடுக்கி விழறேன்னு நோட்டீஸ் ஒட்டிட்டு விழற மாதிரி இருக்கு.

நம்பர் கதை இதை விட மோசம். ஒரே ஆள், ஒரே போட்டோ. தங்கக் கலர்ல இத்தனை, நீலத்துல இத்தனை, ஆரஞ்சுல 25, சிவப்புல 5, கடைசியா ஒண்ணே ஒண்ணு. அதோட விட்டாங்களா? அச்சடிச்ச நாலு உலோகத் தகட்டையும் அட்டை சைஸுக்கு வெட்டி, தகட்டுக்குத் தகடு "ஒன் ஆப் ஒன்"னு போட்டுப் பாக்கெட்டுல வைக்கிறாங்க. ஒரே அட்டைக்கு அஞ்சாறு "உலகத்திலேயே ஒண்ணே ஒண்ணு"!

"அந்தக் காலத்துல மட்டும் யோக்கியமா?"ன்னு கேப்பீங்க. இல்லைதான். 1933-ல் கௌடீ கம்பெனி 240 அட்டை போட்டுச்சு, 106-ஆம் நம்பரை மட்டும் போடவே இல்லை. பசங்க அதைத் தேடித் தேடி பபிள்கம் வாங்கினாங்க. பக்கா பிராடு. ஆனா புகார் கடுதாசி போட்டவங்களுக்கு 1934-ல் அந்த அட்டையை (நாப் லாஜுவே) அச்சடிச்சுத் தபால்ல அனுப்பினாங்க. கடுதாசியோட சேர்த்துக் குத்தின கிளிப்போட தடம் இன்னிக்கும் சில அட்டையில இருக்கு. அந்தத் தடம் இருக்கே, அது ஒரு சின்னப் பையன் கம்பெனிகிட்ட சண்டை போட்டு ஜெயிச்ச தடம். 47/99 இதுக்குப் பக்கத்துல வருமா?

சட்டையை வெட்டற அக்கிரமத்துக்கு வர்றேன். 1997-ல் அப்பர் டெக் கம்பெனி ஆட்டக்காரர் போட்ட சட்டையில ஒரு துண்டை அட்டைக்குள்ள பதிச்சு விட்டுது. கென் க்ரிஃபி ஜூனியர், டோனி க்வின், ரே ஓர்டோன்யெஸ், மூணு பேர். நல்ல யோசனைதான், நானும் வாயைப் பிளந்தேன். ஆனா அது எங்கே போய் முடிஞ்சுது? 2003-ல் டான்ரஸ் கம்பெனி, பேப் ரூத் ஆட்டத்துல போட்டிருந்த சட்டையை ரெண்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம் டாலர் சொச்சத்துக்கு வாங்கிச்சு. அவர் போட்டதுல தப்பிச்சு வந்ததே விரல்விட்டு எண்ணுற அளவுதான். வாங்கி மியூசியத்துல வைக்கலை சாமி. கத்தரிக்கோல் எடுத்து ரெண்டாயிரத்துக்கும் மேல துண்டு போட்டாங்க. கோயில் தேரை உடைச்சு ஆளுக்கு ஒரு சுள்ளி கொடுத்துட்டு "பாருங்க, எல்லார் வீட்டுலயும் தேர்"னு சொல்ற கணக்கு. நிஜமான ஒரு அபூர்வத்தைக் கொன்னு ரெண்டாயிரம் போலி அபூர்வம் செஞ்சாங்க. இதுக்கு வக்காலத்து வாங்கறவங்க, "சாமானியன் கையிலயும் பேப் ரூத் கிடைச்சாரே"ங்கிறாங்க. எது கிடைச்சுது? நகம் சைஸ்ல அழுக்குத் துணி.

அந்தத் துணியாவது அவரோடது. இப்ப வர்ற பல அட்டையோட பின்பக்கத்தைப் பொடி எழுத்துல படிச்சுப் பாருங்க. உள்ளே இருக்கிற துணி குறிப்பிட்ட எந்த வீரரோடும், ஆட்டத்தோடும், நிகழ்ச்சியோடும் சம்பந்தப்பட்டது இல்லைன்னு அவங்களே எழுதியிருப்பாங்க! அப்புறம் எதோட சம்பந்தப்பட்டது, கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியோடயா?

தரம் பார்த்து பிளாஸ்டிக் டப்பாவுல சீல் வைக்கிற பிசினஸை ஒரே உதாரணத்தோட முடிச்சுக்கிறேன். 1991-ல் தொடங்கின பி.எஸ்.ஏ. கம்பெனி முதன்முதலா தரம் போட்ட அட்டை ஒரு வேக்னர். பத்துக்கு எட்டு. அதே 1991-ல் ஹாக்கி வீரர் வெய்ன் க்ரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோட சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கின அட்டை அது. அப்புறம் கை மாறி மாறி 2007-ல் 28 லட்சம் டாலர். அதோட ஓரத்தை நான்தான் வெட்டிச் சீராக்கினேன்னு அதைப் பழைய காலத்துல வித்த பில் மாஸ்ட்ரோ 2013-ல் கோர்ட்டுல ஒத்துக்கிட்டார். டப்பா மேல எட்டுன்னு போட்டது போட்டதுதான்.

நான் பயந்தது 2025 ஆகஸ்ட்ல நடந்துடுச்சு. மேண்டில் சாதனையை ஒரு பாஸ்கெட்பால் அட்டை உடைச்சுது. மைக்கேல் ஜோர்டான், கோபி பிரையன்ட் ரெண்டு பேரோட கையெழுத்தும், ரெண்டு பேர் சட்டையிலிருந்தும் வெட்டின என்.பி.ஏ. சின்னமும் ஒட்டின 2007-08 அப்பர் டெக் அட்டை. ஒரு கோடியே 29 லட்சம் டாலருக்கு மேல. அதுவரைக்கும் எந்த விளையாட்டு அட்டைக்கும் கொடுக்காத விலை. அட்டை மேலயே 1/1-ன்னு போட்டிருக்கு. கடலுக்குப் போகலை, குடோன்ல தூங்கலை, எந்த அம்மாவும் தூக்கிப் போடலை. பிறக்கும்போதே "நான் அபூர்வம்"னு நெத்தியில பச்சை குத்திக்கிட்டு வந்தது. ஜோர்டானும் கோபியும் யாருன்னு எனக்கும் தெரியும், அவங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா இத்தனை வருஷமா அபூர்வம் நடக்கணும்னு காத்துக்கிட்டிருந்தவங்களை, அபூர்வத்தை ஆர்டர் கொடுத்து செஞ்சவங்க தாண்டிட்டாங்க.

இதையெல்லாம் ராத்திரி சாப்பாட்டு மேஜையில பையன்கிட்ட கொட்டினேன். அவன் பொறுமையா கேட்டுட்டு லேப்டாப்பைத் திறந்தான். அவனோட 47/99 ஆட்டக்காரர், அதே படம், எத்தனை கலர்ல வந்திருக்குன்னு தேடி ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டினான். ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி.

"பாத்தியா?"

"ஆமாப்பா, ஆயிரத்துக்கு மேல. ஆனா கோல்ட் 99தான்."

தட்டைக் கழுவப் போயிட்டான்.

அடுத்த ஷோவுல அந்த வியாபாரியைத் தேடிப் பிடிச்சேன். ரோட்ரிகெஸை அன்னைக்கு சாயங்காலமே ஒரு தாத்தா வாங்கிட்டுப் போயிட்டாராம். படத்துல இருக்கிறது யாருன்னு தாத்தாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். அதைச் சொல்லித்தான் பேரம் பேசினாராம்.

இப்ப 1959 லூ பர்டெட் தேடிட்டிருக்கேன், மூலை மடங்கியிருந்தாலும் பரவாயில்லை. உங்க யார்கிட்டயாவது ரெண்டு இருந்தா சொல்லுங்க. பதிலுக்குக் கொடுக்க என்கிட்ட நம்பர் இல்லாத அட்டை மட்டும்தான் இருக்கு.