முதுமைக்குப் பேச்சுத்துணை
முதியோரின் தனிமையை இனியும் வீட்டுப் பிரச்சினையென ஒதுக்க முடியாது. உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுவதாகவும், ஆண்டுக்குச் சுமார் 871,000 மரணங்கள் அதனுடன் தொடர்புடையவை என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2025 ஜூனில் அறிவித்தது. அட்டாளைச்சேனைப் பிரதேசத்தின் பாலமுனையில் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் அமர்ந்து அளவளாவ வாப்பாமாருக்கு இடமுண்டு. மத்திய கிழக்கிலுள்ள பிள்ளையின் அழைப்புக்காகக் கைத்தொலைபேசியோடு வீட்டுக்குள் காத்திருக்கும் உம்மாமாருக்கு அப்படியோர் இடமில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் முதியோர் உரிமைகளுக்குப் பாதுகாப்பளித்த இலங்கையில், முதியோர் சங்கங்கள் ஒக்டோபர் 1 முதியோர் தின விழாவோடு நின்றுவிடலாகாது. அட்டாளைச்சேனைப் பிரதேச செயலகம் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் வாராந்த ஒன்றுகூடலை, பெண்களுக்குத் தனியிட வசதியுடன், உறுதிசெய்ய வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்கள் அதற்கு மண்டபம் தந்துதவ வேண்டும். உதவிப்பணத்தைப் போலவே மனிதத் துணையும் முதியோரின் உரிமை.