தண்ணி குடிக்கட்டும்
மாமாவின் மரப்படகுக்கு என் வயது. "வித்துடுங்கப்பா" என்பது கோலாலம்பூர் அத்தானின் பல்லவி.

மூன்று வாரம் கரையேற்றிச் சாயம் பூசிவிட்டு, போன வாரம் கோலசிலாங்கூர் ஆற்றில் இறக்கினார். பலகை இடுக்கெல்லாம் கசிவு! சிலிக்கோன் வாங்க ஓடினேன்.

"நில்லும்மா. காய்ஞ்ச மரம், தண்ணி குடிச்சு உப்பட்டும்."

ஊறினால் மரமே இடுக்கை நெருக்கிவிடுமாம். திரங்கானு டூயோங் தீவுத் தச்சர்கள் பலகைகளுக்கிடையே கெலாம் மரப்பட்டை வைப்பதும் இந்த உப்பலை நம்பித்தான்.

இரவெல்லாம் பம்ப் ஓடியது. தூக்கம் போச்சு, மறுநாள் வானொலியில் என் கொட்டாவியைக் கேட்டிருப்பீர்கள்.

விடியலில் கசிவு நின்றிருந்தது, பின்பக்கம் ஓரிடம் தவிர. மாமா கத்தி முனையால் குத்தினார். பொதுக்கென்று இறங்கியது. உளுத்த பலகை, மேலே புதுச் சாயம் பளபளத்தது.

வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "அத்தான்கிட்ட சொல்லாதே."

சொல்லவில்லை. எழுதத்தான் செய்திருக்கிறேன்.