நான்கு டிஸ்க்கும் ஓர் அடாப்டரும்

சென்ற மாதம் ஒரு மாலை ஈப்போவில் நல்ல இடி. கரண்டு போய் வந்தது. நமக்கு இது பழகிய சங்கதிதான். ஆனால் கரண்டு வந்ததும், நானே பூட்டி வைத்திருந்த சேமிப்புப் பெட்டியிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம். நான்கு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டைக் காணோம் என்றது திரை.

வயிற்றைக் கலக்கிவிட்டது. சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இன்று லயமும் இல்லை, ரப்பர் மரமும் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. அந்தத் தோட்டத்துத் திருவிழாப் படங்கள், பள்ளிக்கூடப் படங்கள், கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டியின் தாலாட்டு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். வேறு நகல் கிடையாது.

டிஸ்க் செத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்பாதான் கேட்டார்:

"ஏம்பா, நாலும் ஒரே நேரத்துலயா கிளம்புது? நம்ம தோட்டத்துல இஞ்சின் போட்டா ஒவ்வொரு லயமாத்தானே கரண்டு விடுவாங்க? ஒரேயடியா விட்டா இஞ்சின் திணறிடும்ல!"

அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 12 வோல்ட், 5 ஆம்பியர். அதாவது 60 வாட்.

பெரிய அளவு, அதாவது மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க், ஓடும்போது ஏறக்குறைய 6 முதல் 8 வாட்தான் எடுக்கும். நான்குக்கும் சேர்த்து 30 வாட் அளவுதான். ஆனால் நின்ற தட்டு சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில், 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கும் சேர்ந்தால் 8 ஆம்பியர், 96 வாட். 60 வாட் எந்த மூலைக்கு?

முதலில் இரண்டு டிஸ்க்குக்காக வாங்கிய அடாப்டர் அது. மற்ற இரண்டையும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகச் செருகியதால் குறை தெரியவில்லை. கரண்டு போய் வந்தபோதுதான் நான்கும் ஒன்றாகக் கிளம்பின, குட்டு உடைந்தது.

12 வோல்ட், 10 ஆம்பியர் அடாப்டர் வாங்கி மாட்டினேன். நான்கும் எழுந்தன. பாட்டியும் பாடினார்.

வீட்டில் இப்படிப் பெட்டி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஓடும் கணக்கை விடுங்கள், கிளம்பும் கணக்கைப் பாருங்கள். டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும் வசதி உங்கள் பெட்டியில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். கணினியின் பவர் சப்ளையிலிருந்து எடுப்பவர்கள், ஒரே சாட்டா இணைப்பைப் பிரித்து நான்கு டிஸ்க்குக்குக் கொடுக்காதீர்கள். அந்த இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர்தான்; மீறினால் சூடேறி உருகும். இடி அதிகமுள்ள நம் ஊரில் யு.பி.எஸ். ஒன்றும் அவசியம்.

கடைசியாக ஒன்று. நான்கு டிஸ்க் இருந்தாலும் பெட்டி ஒன்றுதான். இப்போது இன்னொரு நகல் தைப்பிங்கில் தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது. தோட்டம் ஒருமுறை கைவிட்டுப் போனது போதும்.