பழைய இரும்புக்குக் கொடுக்குமுன்

இறக்கக்கண்டி, குச்சவெளி எனத் திருகோணமலைக்கு வடக்கே நீளும் கரையோரத்தில் பழைய காகிதம் என்பது எளிதில் கிடைக்கும் பொருளன்று. போரும் இடப்பெயர்வும் விட்டுவைத்தவற்றிலும் பலவற்றை 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் கொண்டு சென்றது. ஆகவே, சங்கக் கட்டடத்தின் மூலையிலோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டிலோ தூசி படிந்து கிடக்கும் 1990களின் கணினியைப் பழைய இரும்பு வியாபாரியிடம் நிறுத்துக் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். அதன் வன்தட்டில் கூட்டக் குறிப்புகள் இருக்கலாம்; ஊர் வரலாறு எழுதத் தொடங்கிய எவரோ ஒருவரின் பத்துப் பக்கங்கள் இருக்கலாம். அவற்றுக்கு வேறு பிரதி இல்லாதிருக்கவும் கூடும்.

"செத்துவிட்டது" என்று சொல்வார்கள். செய்தியறையில் மரணச் செய்தியை ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி அச்சுக்கு அனுப்புவதில்லை. இங்கும் அதுவே முறை.

முதலில் பற்றரி. மின்சாரம் இல்லாத வேளையிலும் நேரத்தையும் வன்தட்டின் அளவுகளையும் நினைவில் வைத்திருப்பது மதர்போட்டிலுள்ள சிறு பற்றரியின் பணி. முப்பது ஆண்டு கழிந்தபின் அதில் உயிர் இராது. சிலிண்டர், ஹெட், செக்டர் என்னும் மூன்று எண்களை மறந்த கணினி, வன்தட்டே இல்லை என்று திரையில் அறிவிக்கும். தட்டு இருக்கிறது, தட்டைப் பற்றிய குறிப்புத்தான் இல்லை. அந்த எண்கள் பெரும்பாலும் தட்டின் மேல் ஒட்டிய தாளிலேயே அச்சாகியிருக்கும்.

அடுத்தது ஜம்பர்கள். கௌப்பி விதையளவான பிளாஸ்டிக் தொப்பி, உள்ளே சிறு உலோகத் துண்டு; இரண்டு ஊசிகளை இணைப்பதே அதன் வேலை. செயலியின் வேகமும் மின்னழுத்தமும் அன்று இவற்றால்தான் தீர்மானிக்கப்பட்டன. 66 மெகாஹேட்ஸ் 486 டிஎக்ஸ்2 செயலிக்கு 5 வோல்ற்று. 100 மெகாஹேட்ஸ் டிஎக்ஸ்4 செயலிக்கோ 3.3 வோல்ற்று அளவே. பின்னதற்கு ஐந்தைக் கொடுத்தால் பொசுங்கிவிடும். ஆதலால் எதையும் தொடுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடலுப்புக் காற்றில் ஊசிகள் கறுத்திருக்கும். மின்னிணைப்பை அகற்றிவிட்டு, தொப்பியை இழுத்து மீண்டும் அதே இடத்தில் பொருத்தினாலே சில வேளை பெட்டி விழித்துக்கொள்ளும். வன்தட்டின் பின்புறத்திலும் ஒரு ஜம்பர் உண்டு. தட்டு 'மாஸ்ரரா', 'சிலேவா' என்பதை அதுவே சொல்லும்.

கேஷ் எனப்படும் இடைநினைவகத்தில்தான் வேடிக்கை அதிகம். 486 கணினிகளில் இது 128 அல்லது 256 கிலோபைட் சில்லுகளாகத் தனியே இருக்கும். அளவைக் குறிக்கும் ஜம்பர் மாறியிருந்தால் கணினி இடைநடுவில் உறைந்து நின்றுவிடக்கூடும். திரை சொல்வதையும் முழுதாக நம்ப இயலாது. 1990களின் நடுப்பகுதியில் பிசி சிப்ஸ் நிறுவனத்தின் எம்919 போன்ற சில போட்டுகளில் உள்ளீடற்ற வெறும் பிளாஸ்டிக் துண்டுகளே கேஷ் சில்லுகளாக ஒட்டப்பட்டிருந்தன. பயோஸோ 256 கிலோபைட் இருப்பதாகக் கூசாமல் பொய்யுரைத்தது. பத்திரிகைக்காரனுக்கு இதில் வியப்பேதுமில்லை. கேஷை அணைத்து ஒரு முறை, இயக்கி ஒரு முறை வேகத்தை அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

நமக்கு வேகம் வேண்டியதில்லை, கோப்புகள்தான் வேண்டும். ஐயமிருப்பின் வெளிக்கேஷைப் பயோஸில் அணைத்துவிடுங்கள். கணினி மாட்டுவண்டியாக ஊரும், ஆனால் ஊரும்.

தட்டைக் கழற்றி இன்றைய கணினியில் யுஎஸ்பி வழியே கொளுவலாமே என்பீர்கள். பல தட்டுகளுக்கு அது போதும். மிகப் பழைய தட்டுகள் சிலவற்றை அந்த இணைப்பான்கள் அறியா; அவற்றுக்குப் பழைய பெட்டியேதான் வேண்டும்.

கோப்பைத் திறந்ததும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை ஒன்று தோன்றினால் அஞ்சவேண்டாம். பெரும்பாலும் அது பாமினி எழுத்துருவாக இருக்கும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. ஊர் வரலாறு போன்றவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கு வழங்கலாம். ஆட்களின் பெயர்ப் பட்டியல்களை மட்டும் உரியவர்களைக் கேளாமல் எங்கும் ஏற்றிவிடாதீர்கள்.