இரட்டிப்பது எதற்காக?

எட்டாம் வகுப்பில் வர்க்கமூலம் காண நீள் வகுத்தல் முறை வருகிறது. 2704-ஐ எடுத்துக்கொள்வோம். வலமிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்தால் 27, 04. 27-க்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 25. மேலே 5 போடுகிறோம். மீதி 2. அடுத்த 04-ஐ இறக்கினால் 204. இப்போது மேலே உள்ள 5-ஐ இரட்டித்து 10 என்று எழுதி, அதன் பக்கத்தில் ஓர் இலக்கம் சேர்க்கச் சொல்வார்கள். 102-ஐ 2-ஆல் பெருக்கினால் 204. விடை 52.

ஏன் இரட்டிக்க வேண்டும்? கணக்கைப் பிசகில்லாமல் போடும் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். “அப்படித்தான் போடணும்” என்பார்கள். ‘ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்’ என்று ஆரம்பித்தால் போதும், ‘ஏ ஸ்கொயர் பிளஸ் டூ ஏபி பிளஸ் பி ஸ்கொயர்’ என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள்தான் அவர்கள். கேள்விக்கான பதில் அந்த ‘டூ ஏபி’யில் இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

52 பக்க அளவுள்ள சதுரம் ஒன்றை வரையுங்கள். நீளத்தையும் அகலத்தையும் 50, 2 என்று பிரித்துக் கோடு இழுத்தால் நான்கு துண்டுகள் கிடைக்கும். பெரிய சதுரம் 2500. மூலையில் சின்னச் சதுரம் 4. பெரிய சதுரத்தை இரண்டு புறம் ஒட்டி நிற்பவை இரண்டு பட்டைகள். ஒவ்வொன்றும் 50-க்கு 2, அதாவது 100. பட்டைகள் இரண்டு என்பதால்தான் இரட்டிப்பு. 2704-இல் 2500 போக நிற்கும் 204, இந்தப் பட்டைகளும் மூலையும்தான். மூன்றையும் வெட்டியெடுத்து வரிசையாக ஒட்டினால் 102 நீளமும் 2 அகலமும் உள்ள ஒரே செவ்வகம். வகுத்தலில் எழுதிய 102 அதுவே.

இந்தச் சதுரத்தை யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் தம் நூலின் இரண்டாம் புத்தகத்தில் நான்காம் தேற்றமாக நிறுவினார். மூலத்தின் இரு மடங்கால் வகுக்கும் முறையை ஆரியபட்டர் கி.பி. 499-இல் ஆரியபட்டீயத்தில் ஒரே செய்யுளில் சொல்லி முடித்தார். அந்தச் சுருக்கத்தில் காரணம் விளக்க இடமில்லை. நம் வகுப்புகளில் இருக்கிறது.

விடைத்தாள்களில் நடு உறுப்பை விட்டுவிட்டு இரண்டு வர்க்கங்களை மட்டும் எழுதும் தவறு தீராமல் வருவதற்கும் படம் காட்டாததே காரணம் என்பேன். பட்டைகளைக் கண்ணால் பார்த்த பிள்ளை அவற்றை எளிதில் மறக்காது. ஆசிரியர்களே, முற்றொருமையையும் வர்க்கமூலத்தையும் தனித்தனிப் பாடமாக நடத்தாதீர்கள். ஒரே படத்தில் இரண்டையும் காட்டுங்கள்.