நாடகத் தமிழுக்கு வாயில் அடைப்பதோ?

முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். இயலுக்குக் கருத்தரங்கம் நடத்துகின்றோம். இசைக்கு விழா எடுக்கின்றோம். மூன்றாவதாகிய நாடகத் தமிழ் எங்கே என்று எவரேனும் வினவினால், கூத்து நலிந்தது, நாடகக் குழுக்கள் கலைந்தன, என் செய்வது என்று கைவிரிப்பாரே மிகுதி. உண்மை வேறு. நாடகத் தமிழ் அழியவில்லை, வெள்ளித்திரைக்குக் குடிபெயர்ந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து பயின்றவர் எம்.ஜி.ஆர். நவாப் இராஜமாணிக்கம் குழுவில் பயின்றவர் எம்.என். நம்பியார். மேடையில் அவர்கள் கற்ற வாள்வீச்சும் சொல்வீச்சும் திரைக்கு வந்தன. கூத்துக் காணச் சென்ற மக்களே அவற்றைக் காணவும் சென்றனர்.

அம்மக்களுள் ஒரு பகுதியினர் பிழைப்பை நாடி இம்மாநகருக்கு வந்தனர். தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். செம்பூரிலும் கோவண்டியிலும் மான்குர்டிலும் குடிசையமைத்து வாழ்ந்தனர். அவர்களும் அவர்தம் மக்களும், 'மந்திரிகுமாரி', 'மலைக்கள்ளன்', 'நாடோடி மன்னன்', 'ஆயிரத்தில் ஒருவன்' போன்ற பழைய வீரசாகசப் படங்களை ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு திரையரங்கில் அமர்ந்து காண விழைந்தால், கற்றோர் அவையில் ஓர் ஏளன முறுவல் பிறக்கின்றது. "வேலையற்றோர் வேலை" என்பார் ஒருவர். "கூத்தாடிப் பித்து" என்பார் மற்றொருவர். அம்முறுவலை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதன் பின்னே நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

காலையில் புகுந்து நள்ளிரவில் வெளிவரும் இத்தொடர்காட்சி அளவு கடந்த களியாட்டம் என்பது முதல் வாதம். இவ்வாறு கூறுவோர் தம் பாட்டனார் வாழ்ந்த ஊரை மறந்தவர் ஆவர். நெல்லைச் சீமையில் அம்மன் கொடை என்றால் ஊரே உறங்குவதில்லை. வில்லடிக்கும் புலவர் கதையைத் தொடங்கினால் நடுச்சாமமும் கடந்து பாடுவார். மக்கள் பாயை விரித்து அமர்ந்து கேட்பர். வடமாவட்டங்களில் பாரதக் கூத்து நாள்கணக்கில் நிகழும். விடிய விடியக் கதை கேட்பது நமக்கு நேற்று வந்த பழக்கமன்று. கொடைக்கு விழித்திருந்தால் மரபு, கொட்டகையில் விழித்திருந்தால் பித்து என்று பிரித்துப் பேசுவது எந்த நூல் கூறும் இலக்கணம்?

இப்படங்கள் அயல்நாட்டுப் படங்களைப் பார்த்துச் சமைத்தவை என்பது இரண்டாம் வாதம். 'ஆயிரத்தில் ஒருவன்' 1935ஆம் ஆண்டின் 'கேப்டன் பிளட்' போன்றது என்பர். 'நாடோடி மன்னன்' 'தி பிரிசனர் ஆஃப் செண்டா' கதையை ஒத்தது என்பர். ஒப்புமை உண்டு, மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் கடன் பெற்றவன் அப்பொருளைக்கொண்டு என்ன செய்தான் என்பதன்றோ வினா? செண்டா கதையில் மன்னனின் உருவத்தை ஒத்தவன் சிறிது காலம் அரியணையில் அமர்கின்றான். மன்னன் மீண்டதும் முடியைக் கொடுத்துவிட்டுத் தன் நாடு திரும்புகின்றான். அரசமுறை இருந்தவாறே இருக்கின்றது. 1958இல் எம்.ஜி.ஆர். தாமே இயக்கிய 'நாடோடி மன்னன்' படத்திலோ, அரியணை ஏறிய நாடோடி ஏழைகளுக்காகச் சட்டம் இயற்றுகின்றான். முடி வேறு, குடி வேறு என்னும் வேலியை அவன் பிடுங்கி எறிகின்றான். மூன்றரை மணி நேரம் ஓடும் அப்படத்தில் கைதட்டல் வாட்போருக்கு மட்டும் எழுந்ததன்று; அச்சட்டங்களுக்கும் எழுந்தது. கம்பர் வடமொழிக் காப்பியத்தைத் தமிழ்நிலத்தில் நட்டபோது அதனைக் கடன் என்று எவரும் இகழ்ந்திலர். திரைக்கு மட்டும் வேறு நீதி வேண்டுமோ?

வாழ்க்கையை எதிர்கொள்ள அஞ்சுவோர் தப்பியோடும் குகையே இப்படங்கள் என்பது மூன்றாம் வாதம். நன்கு படித்தோர் வாயிலிருந்து வருவதாலேயே இது ஆழமானது போலத் தோன்றுகின்றது. பி.ஆர். பந்துலு 1965இல் எடுத்த 'ஆயிரத்தில் ஒருவன்' எதைக் கூறுகின்றது? நெய்தல் நாட்டில் கொடுங்கோலனை எதிர்த்தோருக்கு மருத்துவம் செய்தான் என்பதற்காக மணிமாறன் என்னும் மருத்துவன் தண்டிக்கப்படுகின்றான். அவனும் கிளர்ச்சியாளரும் கடல் கடத்தப்பட்டு ஒரு தீவில் அடிமைகளாக ஏலம் விடப்படுகின்றனர். மனிதனை விலைபேசும் அக்காட்சி யாருக்குக் கற்பனை? இலங்கை மலையகத்திற்கும் மலேயாத் தோட்டங்களுக்கும் கப்பலேறிய தமிழ்க் கூலிகளின் கால்வழியினருக்கு அது குடும்ப வரலாறு. கடல் கடவாமல் இரயிலேறி இம்மாநகர் வந்தவருக்கும் அது அயலார் கதையன்று.

கோவண்டிக்கு அருகே நிகழ்ந்ததையே நோக்குவோம். டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்து ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. தமிழர் பலர் அங்கு வாழ்ந்தனர். 1976ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்தில், அக்குடியிருப்பு அகற்றப்பட்டுப் பல்லாயிரம் மக்கள் சீட்டா கேம்ப் என்னும் இடத்திற்குப் பெயர்க்கப்பட்டனர். அவர்களுக்காகப் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். பின்னர், 2000ஆம் ஆண்டில், மகசேசே விருது பெற்றவர். ஒரே நாளில் வீடிழந்து வேற்றிடத்தில் இறக்கப்பட்ட மக்கள், திரையில் நாடு கடத்தப்பட்டவன் தலை நிமிர்ந்து நிற்பதைக் கண்டு ஆரவாரித்தால் அது தப்பியோடுதல் ஆகுமோ? தம் வாழ்வில் கிட்டாத முடிவைத் தம் கண்முன் வைத்துக் கொள்ளுதல் அது. எங்கிருந்து தப்ப வேண்டும் என்பதை நன்கறிந்தவனுக்கே விடுதலைக் கதை இனிக்கும். 2009ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கை, கோவண்டி அடங்கிய எம் கிழக்கு வட்டத்தை நகரின் கடைசி இடத்தில் வைத்தது. அவ்வட்டத்தில் வாழ்வோரைப் பார்த்து, நீங்கள் வாழ்க்கையை அறியாது ஓடுகின்றீர் என்று கூற நமக்கு நாணம் வேண்டாவோ?

இனி மொழிக்கு வருவோம். தமிழ் மன்றத்தார் செவிசாய்க்க வேண்டிய இடம் இதுவே. இங்குப் பிறந்து வளரும் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் கற்கின்றனர். வீட்டில் பேசும் தமிழ் சோற்றுக்கும் சந்தைக்கும் போதுமானது. நீண்ட வாக்கியம் ஒன்றைத் தொடங்கி, தடுமாறாது கட்டி, ஓங்கிய குரலில் முடிக்கும் தமிழை அவர்கள் எங்கே கேட்பர்? 'மந்திரிகுமாரி'க்கு மு. கருணாநிதி எழுதிய உரையாடலில் கேட்கலாம். 'நாடோடி மன்ன'னுக்குக் கண்ணதாசனும் இரவீந்தரும் எழுதியதில் கேட்கலாம். நாம் மேடையில் ஒரு மணி நேரம் பேசியும் ஊட்ட இயலாத மொழிச்சுவையை அவ்வுரையாடல்கள் ஊட்டுகின்றன. எழுத்தறியாத முதியவரும் அவற்றை மனப்பாடமாகக் கூறுவர். திரையில் நடிகர் வாய்திறக்குமுன் கூறி முடிப்பாரும் உளர். மனப்பாடம் நம் பழைய கல்விமுறை அன்றோ?

'மந்திரிகுமாரி' 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். அதன் கதைக்கு வேர் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கணவனைத் தானே தள்ளிவிட்ட பெண்ணின் கதை அது. குண்டலகேசி முழுமையாக நமக்குக் கிடைத்திலது. சில பாடல்களே எஞ்சின. நூல் மறைந்தது, கதையோ கொட்டகையில் உயிர்பெற்றது. காப்பியத்தின் பெயரையும் கேட்டறியாத தோல் தொழிலாளி அதன் உச்சக்கட்டத்தை மூச்சடக்கிக் கண்டான். 'மலைக்கள்ளன்' நாமக்கல் கவிஞர் எழுதிய நாவல். 1954இல் படமாகி, மறு ஆண்டே 'ஆசாத்' என்னும் பெயரில் இந்தியிலும் வந்தது. இவற்றை இலக்கியத்திற்குப் புறம்பு என்பார், இலக்கியம் நடந்து வந்த வழியை அறியாதவர்.

ஏடு மறைந்த கதையைச் சொன்னோம். படச்சுருள் மறைந்த கதையும் உண்டு. தமிழின் முதல் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931இல் இதே மும்பையில், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்தில் உருவாயிற்று. இன்று அதன் படி ஒன்றேனும் எஞ்சவில்லை. 2003இல் புனேயில் நிகழ்ந்த தீவிபத்தில் பழைய படச்சுருள்கள் பல எரிந்தன. செம்பூரில் 1948இல் இராஜ்கபூர் நிறுவிய ஆர்.கே. ஸ்டுடியோ 2017இல் தீக்கிரையாயிற்று. 2019இல் அந்நிலமும் விற்கப்பட்டது. ஏட்டைச் செல்லரித்தது, சுருளைத் தீ தின்றது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடி, 1887இல் சிந்தாமணியையும் 1892இல் சிலம்பையும் 1898இல் மணிமேகலையையும் அச்சேற்றியிராவிடில் நம் பெருமை என்னவாகியிருக்கும்? அவரைப் போற்றும் நாம், நம் காலத்து ஏடாகிய படச்சுருளைக் குப்பையென்று எண்ணலாமோ? மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் ஒரு படம் காக்கப்படும். இரசிகன் வாங்கும் நுழைவுச்சீட்டு, அந்த வகையில், ஏடு காத்தவன் பணியில் ஒரு சிறு கூறு.

கைப்பேசியில் எல்லாப் படமும் கிடைக்க, அரங்கம் எதற்கு என்பது இறுதி வாதம். பத்துக்குப் பத்து அறையில் ஐவர் வாழும் வீட்டைக் கண்டிராதவர் கேட்கும் கேள்வி இது. அத்தகைய வீட்டினருக்குத் திரையரங்கமே உயர்ந்த கூரை, அகன்ற சுவர், ஆயிரம் பேரோடு ஒருங்கே மூச்சுவிடும் இடம். தனியே காணும் வாட்போர் ஒரு படம். கூடிக் காணும் வாட்போர் ஒரு விழா. 2012இல் 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டு வெளிவந்து நூறு நாள் கடந்தது. 2014 மார்ச்சில் மீண்டும் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்' சென்னையில் 175 நாளைக் கடந்து வெள்ளிவிழாக் கண்டது. அப்போதே கையடக்கக் கருவிகளில் படம் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. எனினும் மக்கள் அரங்கை நாடினர்.

இதற்கு அரசாணை ஒன்றும் வேண்டா. மும்பையைச் சார்ந்த பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் பிறருடன் இணைந்து, இராஜ்கபூரின் நூற்றாண்டை ஒட்டி 2024 டிசம்பர் 13 முதல் 15 வரை அவர்தம் 10 படங்களை 40 நகரங்களில் 135 அரங்குகளில் திரையிட்டது. நுழைவுச்சீட்டு 100 ரூபாய். அக்கலைஞரின் கலைக்கூடம் இருந்த செம்பூரின் பக்கத்து நிலையமே கோவண்டி. அங்குள்ள தமிழருக்கு அவர்தம் நாயகர்களின் படங்களை அவ்வாறு காட்டக் கூடாதென்று தடுப்பார் யார்?

வசதியுற்றோரின் சுவைக்கு நாம் குறை வைத்ததில்லை. 1952இல் தோன்றிய சண்முகானந்த சபை, கிங் சர்க்கிளில் ஈராயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட இருக்கைகளோடு 1963இல் மாமன்றம் எழுப்பியது. அது நம் பெருமை. அதனைக் குறைத்துப் பேசோம். அதே கிங் சர்க்கிளில் நெடுங்காலம் தமிழ்ப் படங்களைத் திரையிட்டு வந்தது அரோரா திரையரங்கு. தாராவியிலிருந்தும் கோவண்டியிலிருந்தும் வந்தோர் அங்கே கூடினர். சபையில் கூடுவோரைச் சுவைஞர் என்றும் அரோராவில் கூடுவோரைக் கும்பல் என்றும் அழைத்த நாவுதான் இன்று தமிழ் வளரவில்லை என்று புலம்புகின்றது.

குறைகளை நாம் மூடி மறைக்கவில்லை. பதாகைக்குப் பாலை ஊற்றுவதை நாம் ஏற்கவில்லை. அப்பால் பசித்த குழந்தைக்கு உரியது. நடிகரைத் தெய்வமாக்குவது பகுத்தறிவுக்கு ஒவ்வாது. இப்படங்களில் பெண்டிரை நடத்தும் முறை பல இடங்களில் நம்மை முகஞ்சுளிக்கச் செய்கின்றது. இவற்றையெல்லாம் பேச வேண்டும். யாரோடு பேசுவது? அரங்கில் அமர்ந்திருப்போரோடு. அவர்களோடு அமராமல் தொலைவில் நின்று திருத்த முயல்வது, குளத்தில் இறங்காமல் நீச்சல் கற்பிப்பது போன்றது.

ஆதலின் மன்றத்தாரிடம் நாம் வேண்டுவது இதுவே. ஆண்டு விழாவின் ஒரு நாளைக் கோவண்டிப் பக்கத்துக்குத் தாருங்கள். ஓர் அரங்கை வாடகைக்கு எடுங்கள். எளியோரும் வாங்கத்தக்க கட்டணம் வையுங்கள். நான்கு படங்களைக் காட்டுங்கள். இடைவேளையில் குண்டலகேசியைப் பற்றியும், கடல் கடந்த தமிழ்க் கூலிகளைப் பற்றியும், மறைந்த 'காளிதா'ஸைப் பற்றியும் கால்மணி நேரம் பேசுங்கள். சீட்டி ஒலி எழும். காதைப் பொத்த வேண்டா. அவ்வொலிக்கிடையே ஒரு சிறுவன், பள்ளியில் தமிழ் எழுத்தே அறியாதவன், திரையில் கேட்ட நெடுவாக்கியம் ஒன்றைப் பிழையின்றித் திருப்பிச் சொல்வான். நம் மன்றங்கள் எழுந்தது அவன் பொருட்டே. அவனை வாயிலில் நிறுத்திவிட்டு உள்ளே முத்தமிழ் வாழ்க என்று முழங்குவதில் பொருள் இல்லை.