கைக்குழந்தையோடு கடலோரத்தில் ஒரு திங்கள்



"எங்கள் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது. என் கணவருக்கு ஒரு மாதம் விடுப்புக் கிடைக்கும் போலிருக்கிறது. கோவாவுக்கோ கோவளத்துக்கோ சென்று கடற்கரையோரம் தங்கிவரலாம் என்கிறார். என் மாமியாரோ, பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்காற்றில் திரிவதா என்று கோபித்துக்கொள்கிறார். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

இவ்வாறு ஓர் இளந்தாய் எமக்கு எழுதியிருக்கிறார். யார் பக்கம் நின்று மறுமொழி எழுதினாலும் மறுபக்கத்தில் மனத்தாங்கல் வரும். ஆதலால் தீர்ப்பு எதுவும் கூறாமல், எம் இல்லத்தில் நடந்ததை உள்ளவாறே சொல்லிவிடுகிறோம். அதில் எமக்குப் பெருமை தரும் செய்தி குறைவு.

எம் மகனுக்குத் தலைப்பிள்ளை பிறந்து ஆறு மாதம் நிறைந்த வேளை. மருமகள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பிள்ளை உறங்கினாலும் அவள் உறங்குவதில்லை. சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நாம் வாளாவிருந்தோம். மகன்தான் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு அது என்று மருத்துவர் கூறினார். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற தாய்மாருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இத்தகைய மனநோய் உண்டாகிறது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. அத்தனை இல்லங்களிலும் நம்மைப் போன்ற பெரியவர்கள் "எல்லாம் சரியாய்ப் போகும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் போலும்.

மருந்து தொடங்கியது. கடற்கரைப் பயணம் மகனின் எண்ணம். மருத்துவர் தடை சொல்லவில்லை, ஆனால் ஒன்றைத் திருத்தமாகச் சொன்னார்: "போய் வாருங்கள். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். இடம் மாறினாலே நோய் போய்விடும் என்று நினைத்துப் போகாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது உறக்கமும் துணையும்."

இச்சொற்களை நாங்கள் அனைவரும் காதால் கேட்டோம். எவ்வளவு கேட்டோம் என்பது பிறகு தெரிந்தது.

வேளாங்கண்ணிக்கும் வாஸ்கோவுக்கும் இடையே வாரத்துக்கு ஒருமுறை ஓர் இரயில் ஓடுகிறது. திருச்சியில் ஏறினோம். எங்கள் பெட்டியில் பாதிப் பேர் அன்னையின் திருத்தலத்திலிருந்து ஊர் திரும்பும் கோவா மக்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை வண்டி ஏறி இறங்கியபோது பேரன் ஒரு கொங்கணிப் பாட்டியின் மடியில் உறங்கிக்கொண்டிருந்தான். மட்காவில் இறங்கி, ஆறேழு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெனாவ்லிம் என்னும் ஊருக்குச் சென்றோம். ஓட்டுக்கூரையும், முன்புறம் அமர்ந்து பேசத் திண்ணையும் கொண்ட பழைய வீடு ஒன்றின் பின்கட்டை ஒரு மாத வாடகைக்குப் பேசியிருந்தான் மகன். பத்து நிமிடம் நடந்தால் கடல்.

பொங்கல் கழிந்த வாரம் அது. கிறிஸ்து பிறப்பு, புத்தாண்டுக் கூட்டமெல்லாம் ஓய்ந்திருந்தது. பகலில் நல்ல வெயில்தான். இரவில் போர்வை தேவைப்பட்டது. எழுதிக் கேட்ட அன்பருக்கு இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிடலாம்: மே மாதத்தில் அப்பக்கம் போகாதீர்கள். வெப்பமும் புழுக்கமும் பெரியவர்களையே வாட்டும். சூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். கடலில் இறங்கவே கூடாது.

எம் துணைவியார் வீட்டிலிருந்து இட்லி அரிசி, உளுந்து, மிளகாய்ப்பொடி, புளி, இரண்டு குக்கர் ஆகியவற்றைக் கட்டி எடுத்து வந்திருந்தார். தூளி கட்டப் பழைய பருத்திச் சேலை இரண்டு. கொசுவலை ஒன்று. தூளியும் கொசுவலையும் மிக நன்றாய்ப் பயன்பட்டன. அந்தக் குக்கர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வாரம் முழுவதும் நாங்கள் எல்லோரும் மிக மகிழ்ச்சியாக இருந்தோம். நாம் காலையும் மாலையும் கரையோரம் மூன்று கிலோமீட்டர் நடந்தோம். மகன் நீந்தினான். எம் துணைவியார், முதலில் கடற்காற்று ஆகாது என்று சொன்னவர், வலை இழுக்கும் இடத்துக்குச் சென்று விலை பேசிக் கானாங்கெளுத்தி வாங்கி வந்தார். திரும்பி வந்தால் இட்லி வெந்திருக்கும், குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். பேரனின் துணிகள் கொடியில் உலர்ந்துகொண்டிருக்கும். கைப்பேசியில் எடுத்த படங்களை மகன் உறவினர்க்கெல்லாம் அனுப்பினான்.

ஒன்பதாம் நாள் மாலை, வீட்டுக்கு உரிமையாளரான முதிய அம்மையார் திண்ணையில் அமர்ந்து மருமகளிடம் அரைகுறை ஆங்கிலத்தில், "கடல் உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார். மருமகள் குறையாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னாள்:

"நான் இன்னும் பார்க்கவில்லை, அம்மா. இரவில் சத்தம் கேட்கும்."

நாம் அப்போது அங்கேதான் செய்தித்தாள் விரித்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். அதை மடித்துவைக்கவும் தோன்றவில்லை. அன்றிரவு மகன் கைப்பேசியை எடுத்து, அனுப்பிய படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். அவற்றுள் ஒன்றில்கூட அவள் இல்லை. திருச்சியில் இருந்த அடுப்படியைத் தூக்கிப் பெனாவ்லிமில் வைத்திருந்தோம். அவளையும் அதனோடு வைத்திருந்தோம்.

அதன்பின் என்ன செய்தோம் என்பதை ஒழுங்காகத் திட்டமிட்டோம் என்று சொன்னால் அது பொய். சண்டைதான் வந்தது. மகன் தாயிடம் குரலை உயர்த்தினான். "நான் என்ன, அவளைக் கடலுக்குப் போகாதே என்று கட்டியா வைத்தேன்?" என்று துணைவியார் அழுதார். அதுவும் உண்மையே, யாரும் கட்டிவைக்கவில்லை. கட்டிவைக்க வேண்டிய தேவையே நம் வீடுகளில் இல்லை அல்லவா? நள்ளிரவுவரை யாரும் உறங்கவில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளை பால் குடித்து முடித்ததும், மகன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "எட்டு மணி வரை இவன் என் பொறுப்பு" என்றான். எம் துணைவியார் எழுந்து, இரண்டு குக்கர்களையும் பெட்டியில் வைத்து மூடினார். இச்செயலுக்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

உணவுக்கு அந்த ஊரே வழி வைத்திருந்தது. விடியலில் மிதிவண்டியில் 'பாங்க் பாங்க்' என்று ஊதிக்கொண்டு பாதேர் என்னும் ரொட்டிக்காரர் வருவார். போர்ச்சுக்கீசியர் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. 1961-இல் அவர்கள் ஆட்சி போன பிறகும் அந்த ஊதல் போகவில்லை. சூடான பாவு ரொட்டியும் முட்டையும் காலைக்குப் போதும். முற்பகலில் அம்மக்கள் 'பேஜ்' என்று புழுங்கலரிசிக் கஞ்சி குடிக்கிறார்கள், ஊறுகாயோடு. நம் கஞ்சிதான். பேரனுக்கு அந்த அம்மையார் கேழ்வரகில் பால் எடுத்துக் காய்ச்சும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். 'திசான்' என்கிறார்கள். வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ப்பது அவர்கள் வழக்கம். ஓராண்டு நிறையும்வரை பிள்ளைக்கு இனிப்பும் உப்பும் வேண்டாம், தேன் கூடவே கூடாது என்று எங்கள் மருத்துவர் சொல்லியிருந்ததால் வெறும் கேழ்வரகுப் பாலே காய்ச்சினோம். பேரன் முகத்தைச் சுளித்துவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்தான்.

பிற்பகல் ஒன்று முதல் நான்கு மணி வரை அவ்வூரில் பல கடைகள் அடைத்துக் கிடக்கும். 'சுசெகாத்' என்று அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அமைதி, அவசரமின்மை என்று பொருள் கொள்ளலாம். முதலில் எமக்கு எரிச்சலாக இருந்தது. சவரக்கத்தி வாங்கக்கூட நான்கு மணி வரை காத்திருக்க வேண்டுமா? ஆனால் ஊரே உறங்கும் அந்த மூன்று மணி நேரம் தாயும் பிள்ளையும் சேர்ந்து உறங்கினார்கள். கதவைத் தட்டுவார் இல்லை.

இனி எம் குற்றத்துக்கு வருவோம். பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, பேரனை நாம் கரைக்கு எடுத்துச் சென்றோம். அக்கரை மேற்கு நோக்கியது. நம் சோழமண்டலக் கரைபோல் அன்று. கதிரவன் தென்னந்தோப்புக்குப் பின்னாலிருந்து எழுவதால் காலையில் மணலின் மேல்பகுதியில் நிழல் விழுந்திருக்கும். பிள்ளையைக் கொண்டுபோக ஏற்ற நேரம் அதுவே. எட்டரை மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் கிடைத்தார், பேச்சு நீண்டது, நிழல் நகர்ந்ததை நாம் கவனிக்கவில்லை. பேரனுக்குக் காற்று பட்டுவிடக் கூடாதென்று அவன் பாட்டி இரண்டு சட்டையும் கம்பளிக் குல்லாவும் போட்டு அனுப்பியிருந்தார். பத்து மணிக்கு வீடு வந்தபோது குழந்தையின் முகம் சிவந்து, உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை. அழக்கூடச் சோம்பிக் கிடந்தான்.

மருமகள் அவனை வாங்கிய விதத்தை நாம் மறக்கமாட்டோம். ஒரு சொல்லும் சொல்லவில்லை. குல்லாவையும் சட்டைகளையும் கழற்றி, காற்றோட்டமான அறையில் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே, "வண்டி கூப்பிடுங்கள்" என்றாள். மட்காவில் ஒரு குழந்தை மருத்துவர் பார்த்தார். வெயிலும் மிகையான உடுப்பும் சேர்ந்து உண்டாக்கிய வெப்பம், வேறு நோய்க்குறி இல்லை என்றார். கைக்குழந்தையின் உடல் நம் உடலைப்போல் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இயலாது என்றும், வெயில் நாளில் அடிக்கடி தாய்ப்பால் கொடுப்பதே முதல் காப்பு என்றும் விளக்கினார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் காட்டவே கூடாதாம். அந்த வயதில் வெயில் களிம்பும் பூசுவதில்லை, நிழலும் மெல்லிய பருத்தியுடையும் விளிம்புள்ள தொப்பியும்தான். அவ்வயதில் தாய்ப்பால் ஒன்றே போதும். வெயிலென்று தண்ணீர் புகட்ட வேண்டுவதில்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு வேளையும் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். இவை எம்மைப்போன்ற தாத்தாக்கள் மனப்பாடம் செய்யத்தக்கவை.

மாலையில் பேரன் பால் குடித்தான். கழுத்தில் வேர்க்குரு மட்டும் நான்கு நாள் இருந்தது. அன்றிரவு மருமகளிடம், "தவறு என்னுடையது, அம்மா" என்றோம். "தெரியும் மாமா" என்று சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்து, "நாளைக்கும் நீங்களே கொண்டுபோங்கள். எட்டு மணிக்குத் திரும்பிவிடுங்கள்" என்றாள். பல மாதங்களுக்குப் பின் அவள் எமக்கு இட்ட முதல் கட்டளை அது. எம் மனம் நிறைந்தது.

ஞாயிறுதோறும் புனித அருளப்பர் ஆலயத்தில் திருப்பலி கண்டோம். இலங்கையில் உழைத்த புனித சூசை வாஸ் 1651-இல் இப்பெனாவ்லிமில்தான் பிறந்தார். இவ்வாலயத்தில்தான் திருமுழுக்குப் பெற்றார். ஒல்லாந்தர் கெடுபிடிக்கிடையே 1687-இல் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்து, தமிழ் கற்று, நம் மொழியில் மக்களுக்குப் பணி செய்தவர். 2015-இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவ்வாலயத்தில் எம் பேரன் உரக்க அழுதபோது முன்வரிசைப் பாட்டிமார் எவரும் திரும்பி முறைக்கவில்லை. நம் ஊர் ஆலயங்களில் நடப்பதை எண்ணிக்கொண்டோம்.

கடிதம் எழுதிய அன்பருக்கு மேலும் சில. தடுப்பூசி அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். ஒரு மாதம் தங்கினால் இடையில் ஏதேனும் ஓர் ஊசி வரக்கூடும். குடிநீரைக் கொதிக்கவைத்தே பயன்படுத்துங்கள்; உங்கள் மாமியார் தண்ணீரைப் பற்றி அஞ்சினால் அந்த அச்சம் சரியானதே. மாலை ஐந்தரைக்குப் பிள்ளை கொசுவலைக்குள் இருக்கட்டும். கோவாக் கடற்கரைகளில் 2008 முதல் உயிர்காப்பாளர்கள் பணியிலிருக்கிறார்கள். செங்கொடி பறக்கும் இடத்தில் பெரியவர்களும் இறங்கலாகாது. குழந்தையை அலையில் முக்கி எடுத்துப் படம் பிடிக்கும் வேடிக்கையை அங்கே நிறையப் பார்த்தோம். வேண்டாம். செலவு ஓட்டலைவிட வீட்டில் குறைவு. ஆனால் வீடு என்றால் அடுப்பு இருக்கும். அந்த அடுப்பின் முன் யார் நிற்பது என்பதை இரயில் ஏறுமுன் பேசி முடியுங்கள். உங்கள் கணவரும் இக்கடிதத்தைப் படிக்கட்டும்.

மருமகள் முற்றும் நலமடைய இன்னும் பல மாதங்கள் ஆயின. ஊர் திரும்பிய பின்னும் மருந்து தொடர்ந்தது. கடலுக்கு அந்தப் புகழைக் கொடுக்க மாட்டோம்.

புறப்படும் நாள் காலையில் எல்லோரும் கரைக்குச் சென்றோம். பேரன் தென்னை நிழலில் பாட்டியின் மடியில் இருந்து மணலைத் தின்ன முயன்றுகொண்டிருந்தான். மருமகள் சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் அளவு நீரில் தனியே போய் நின்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பாள். இரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், எம்மைப் பார்த்தான். நாங்கள் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.